லிங்கன் ஹைவே: இல்லினாயா, அயோவாவா, நெப்ராஸ்காவா?

சிகாகோ பக்கம் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நயாகரா பார்த்தாயிற்று, நியூயார்க் பார்த்தாயிற்று, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது, அப்பா விவசாயம் பார்த்தவர், அவருக்கு இந்த நாட்டு வயல்காட்டைப் பார்க்க வேண்டுமாம், நீ அடிக்கடி சொல்வாயே ஒரு பழைய ரோடு, அதில் எந்தப் பக்கம் போகலாம்? போனில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு வரியில் சொல்கிற விஷயம் இல்லை இது, அதனால் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

அந்த ரோடு லிங்கன் ஹைவே. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் ஃபிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்கா வரை, முதலில் குறித்தபோது 3,389 மைல். கார் ஓட்டுகிறவர்களுக்காக அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே பெயரில் குறிக்கப்பட்ட முதல் சாலை இதுதான். யோசனை கார்ல் ஃபிஷருடையது, இண்டியானாபொலிஸ் கார் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவர், கார் விளக்கு வியாபாரத்தில் பணம் பார்த்தவர். 1913 ஜூலையில் சங்கம் அமைந்தது, பேக்கார்ட் கார் கம்பெனியின் ஹென்றி ஜாய் தலைவரானார், அக்டோபர் 31 அன்று சாலையை முறைப்படி அர்ப்பணித்தார்கள், வழியில் இருந்த பல ஊர்களில் அன்று இரவு தீ மூட்டிக் கொண்டாடினார்கள். ஹென்றி ஃபோர்டு மட்டும் காசு கொடுக்கவில்லை. தனியார் ரோடு போட்டுக் கொடுத்தால் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் ரோடு போடவே மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதைப் படிக்கும்போது முன்பே அங்கே ஒரு ரோடு கிடந்தது போலத் தோன்றும். கிடந்தது என்றால் வண்டிப்பாதை கிடந்தது. சங்கத்தார் பெரும்பாலும் புதிதாக எதையும் போடவில்லை, ஊருக்கு ஊர் இருந்த மண் பாதைகளை வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்து, கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டையும் நடுவில் 'எல்' எழுத்தும் வரைந்தார்கள். அந்தப் பாதைகளைப் பராமரித்தது யார் என்றால் பக்கத்து வயல்காரர்கள்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடுகிறது.

எல்லாரும் கேட்கும் இன்னொரு கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சிகாகோவிலேயே தொடங்கும் ரூட் 66 இருக்க இது எதற்கு? ரூட் 66 நல்ல சாலைதான், நியான் பலகை, பழைய டைனர், நினைவுப் பொருள் கடை எல்லாம் வேண்டுமென்றால் அதற்கே போங்கள். அது 1926இல் வந்தது, லிங்கன் ஹைவே அதற்குப் பதின்மூன்று வருடம் மூத்தது. ரூட் 66இல் நீங்கள் சுற்றுலாப் பயணி. லிங்கன் ஹைவேயில் உங்களுக்கு முன்னால் போகிறவர் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டு தன் அடுத்த வயலுக்குப் போகிற ஆளாக இருப்பார். வயல் பார்க்க வந்த அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது மூன்று மாநிலங்கள்.

இல்லினாய் துண்டு சுமார் 180 மைல். இதன் பெரிய வசதி, வீட்டிலிருந்து கிளம்பி ராத்திரி வீட்டுக்கே வந்துவிடலாம். அரோரா பாலாஜி கோயிலுக்கு நம்மில் போகாதவர்கள் குறைவு. அந்தக் கோயிலிருக்கும் சல்லிவன் ரோடு கிழக்கே போய் ரூட் 31ஐத் தொடும் இல்லையா, அந்த 31தான் அங்கே பழைய லிங்கன் ஹைவே. எத்தனையோ வருடம் அதன் மேலேயே போய் வந்துகொண்டிருந்திருக்கிறேன், தெரியாது. அங்கிருந்து படேவியா, ஜெனீவா, பிறகு மேற்கே டிகால்ப். டிகால்பில்தான் ஜோசஃப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்கு 1874இல் காப்புரிமை வாங்கினார், மேற்குப் புல்வெளி முழுவதையும் வேலி போட்டுப் பிரித்த கம்பி அது. அடுத்து மால்டா. இங்கே 1914இல் போட்ட ஒரு மைல் கான்கிரீட் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மொத்தச் சாலையும் அந்தத் தந்திரத்தில்தான் உருவானது.

சங்கத்திடம் முழுச் சாலைக்கும் பணம் இல்லை. அதனால் ஊருக்கு வெளியே, சேற்றுக்கு நடுவில், ஒரே ஒரு மைல் மட்டும் நல்ல கான்கிரீட் போட்டார்கள். சிமெண்ட் கம்பெனிகள் சிமெண்டை இலவசமாகக் கொடுத்தன. விதை மைல் என்று பெயர். சேற்றில் தள்ளாடி வருகிற வண்டி திடீரென்று ஒரு மைல் வழுவழு என்று ஓடும், பிறகு மறுபடி சேற்றில் இறங்கும். அந்த வித்தியாசத்தை உடம்பால் உணர்ந்தவன் ஊருக்குப் போய் எங்களுக்கும் இப்படி ரோடு வேண்டும், வரி போட்டாலும் பரவாயில்லை என்பான். கணக்கு பலித்தது. முதல் விதை மைல் மால்டாவுக்குப் பக்கத்தில் போட்டதுதான்.

பிறகு ஃபிராங்க்ளின் குரோவ். ஆபிரகாம் லிங்கனின் உறவினர் ஒருவர் கட்டிய பழைய கட்டடத்தில் இன்றைய லிங்கன் ஹைவே சங்கத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அடுத்தது, முன்னாள் அதிபர் ரேகன் சிறுவயதில் வளர்ந்த டிக்சன். கடைசியில் ஃபுல்டன், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நெதர்லாந்தில் செய்து கொண்டுவந்து பொருத்திய ஒரு காற்றாலை நிற்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். நல்ல ஒரு நாள். ஆனால் முதல் எழுபது மைல் வரை சிகாகோவின் புறநகர் உங்களை விடாது, சிக்னல், மால், மறுபடி சிக்னல். சுவரோவியங்களிலும் தகவல் பலகைகளிலும் கதையைப் படித்துக்கொண்டு போகிறோம். ரோடு இருக்கிறது, அது எந்த வாழ்க்கைக்காகப் போடப்பட்டதோ அந்த வாழ்க்கை பாதி தூரத்துக்கு மேல்தான் கண்ணில் படுகிறது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் இதுவே போதும்.

நெப்ராஸ்காவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும், விவசாயிக்குக் காட்ட அங்கே பெரிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. நூறாவது தீர்க்கரேகை கோசாட் என்ற ஊர் வழியே போகிறது, சாலையோரம் பலகையே உண்டு. அதற்குக் கிழக்கே மழையை நம்பி விவசாயம், மேற்கே போகப் போக மழை போதாது. அந்த மாற்றத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகலாம். வட்ட வட்டமாகச் சுற்றி நீர் தெளிக்கும் அந்த நீண்ட குழாய் இயந்திரங்களை விமானத்திலிருந்து பார்த்திருப்பீர்கள், அவை 1950களில் வியாபாரமாக வளர்ந்தது இந்த மாநிலத்தின் வேலி என்ற சின்ன ஊரில். மார்ச் மாதம் என்றால் பிளாட் ஆற்றில் கொக்கு இனப் பறவைகள் லட்சக்கணக்கில் இறங்கும். ஒமாஹாவின் மேற்கில் எல்க்ஹார்ன் பக்கம் 1920இல் செங்கல் பாவிய சாலை இன்னும் ஓட்டும் நிலையில் இருக்கிறது. கிராண்ட் ஐலண்டில் 1915இல் போட்ட விதை மைலின் ஒரு பகுதியும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிகாகோவிலிருந்து ஒமாஹாவே 470 மைல், கிராண்ட் ஐலண்ட் போக இன்னும் 150 மைல். போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். மூன்று நாளில் வயதானவர்களை உட்கார வைத்து இதைச் செய்வது கொடுமை. இன்னொன்று, நெப்ராஸ்காவில் சாலை யூனியன் பசிபிக் ரயில் பாதையை ஒட்டி நேராக, மிக நேராகப் போகிறது. இடது பக்கம் ரயில், வலது பக்கம் மக்காச்சோளம், மணிக்கணக்கில் இதேதான். எனக்கு அந்த நேர்கோடு பிடிக்கும், ஒரு மைல் நீளச் சரக்கு ரயிலோடு சேர்ந்து ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஆனால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்தச் சுகம் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். கொலராடோ போகிற வழியில் என்றாலோ மார்ச்சில் பறவைக்காக என்றாலோ நெப்ராஸ்கா போங்கள். மற்றபடி இந்தத் தடவை வேண்டாம்.

அயோவாதான் என் பதில். கிளின்டனில் மிசிசிப்பியைக் கடந்து கவுன்சில் பிளஃப்ஸில் மிசௌரி ஆற்றைத் தொடும் வரை பழைய பாதையில் சுமார் 350 மைல். அந்தக் காலத்தில் கார் ஓட்டிகளின் மத்தியில் இந்த மாநிலம் பேர் வாங்கியது எதற்குத் தெரியுமா, சேற்றுக்கு. நான் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண் மழையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அயோவா மண்ணும் கறுப்புதான், வளமான மண், அதனாலேயே மழை பெய்தால் நகர விடாது. 1909இல், இந்தச் சாலைக்குப் பெயர் வைப்பதற்கு நான்கு வருடம் முன்பே, ஆலிஸ் ராம்ஸி என்ற 22 வயதுப் பெண் இன்னும் மூன்று பெண்களோடு மாக்ஸ்வெல் காரில் நாட்டைக் கடந்தார், அமெரிக்காவைக் கார் ஓட்டிக் கடந்த முதல் பெண். நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போக 59 நாள், அதில் அயோவாவில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் போய்விட்டது. ஒரு ஓடையில் வெள்ளம் வடியும் வரை காரிலேயே தூங்கிக் காத்திருந்தார்கள்.

விவசாயிகள் இந்தச் சாலையை முதலில் விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத்துப் பணக்காரர்கள் ஜாலியாகக் காரில் போக நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும், எங்களுக்கு வயலிலிருந்து ரயில் நிலையத்துக்கு நல்ல ரோடு கொடுங்கள், நியூயார்க்குக்கு வேண்டாம் என்றார்கள். அதில் என்ன தப்பு? ஆனால் அவர்கள்தான் மழை விட்டதும் குதிரையைப் பூட்டிக்கொண்டு வந்து பாதையைச் சமப்படுத்தினார்கள். மிசௌரி விவசாயி டி. வார்டு கிங் பரப்பிய ஒரு கருவி, மரத்தடியை நெடுக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் இடைவெளி விட்டுச் சேர்த்து, சங்கிலி போட்டுக் குதிரையால் இழுப்பது. நம் வயலில் பரம்படிப்பது போலவேதான், நாம் நெல்லுக்கு அடிப்போம், அவர்கள் ரோட்டுக்கு அடித்தார்கள். ஈரம் சரியான பதத்தில் இருக்கும்போது இழுத்தால் நடு மேடாகி ஓரம் சரிந்து மேற்பரப்பு இறுகிக்கொள்ளும், அடுத்த மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். என் நண்பரின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: பலகை மேல் ஆள் ஏறி நிற்பானா? ஏறி நிற்பான். எடையை முன்னும் பின்னும் மாற்றித்தான் எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்வான்.

அந்தச் சேறு எனக்கும் கிடைத்தது. கிரீன் கவுன்டிப் பக்கம், மே மாதம், பழைய பாதையின் ஒரு துண்டைத் தேடிக்கொண்டு 'பி' நிலைப் பராமரிப்பு என்று பலகை வைத்த மண் ரோட்டில் திரும்பிவிட்டேன். அயோவாவில் அந்தப் பலகைக்கு அர்த்தம், இங்கே சரளைக்கல் போடமாட்டோம், உன் பொறுப்பில் போ என்பது. மேலே காய்ந்தது போல் இருந்தது. நூறு அடி போனதும் ஸ்டியரிங் லேசானது, கார் நான் திருப்பிய பக்கம் போகவில்லை, அப்படியே ஓரமாக நழுவி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் மண் அடைத்து டயர் சுற்றவே இடமில்லை. குச்சியால் குடைந்தேன், குடைந்த இடத்தில் கத்தியால் வெட்டிய அல்வா போல் பளபளவென்று கறுப்பாக இருந்தது, உள்ளே வைக்கோல் துண்டும் போன வருடத்துச் சோளத்தட்டையும் சிக்கியிருந்தன. குச்சியிலிருந்து அந்த மண்ணைப் பிரிக்க இன்னொரு குச்சி தேவைப்பட்டது. முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வயல்காரர் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவந்து இழுத்து விட்டார், காசு வாங்கவில்லை, முந்தாநாள் மழை பெய்ததே என்று மட்டும் சொன்னார். 1913இல் இங்கே வந்தவர்களையும் யாரோ ஒரு வயல்காரர் குதிரையோடு வந்து இப்படித்தான் இழுத்து விட்டிருப்பார் என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியில் எங்கே நிற்பது என்றால், கிளின்டனிலிருந்து மவுன்ட் வெர்னன், சீடர் ராபிட்ஸ் வரை முதல் நாள் மதியத்துக்குள் வந்துவிடலாம். அதற்கு மேற்கே யங்வில் கஃபே, 1931இல் ஒரு அப்பா கணவனை இழந்த தன் மகளுக்குப் பிழைப்புக்காகக் கட்டிக் கொடுத்தது, ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டாமாவில் 1915இல் கட்டிய சின்னப் பாலம் ஒன்று, கைப்பிடிச் சுவரே லிங்கன் ஹைவே என்ற எழுத்துகளாக கான்கிரீட்டில் வார்த்தது. நான் மூன்று தடவை போயும் ஒவ்வொரு தடவையும் அந்த எழுத்துகளின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். அதே டாமா கவுன்டியில் மெஸ்குவாக்கி பூர்வகுடிகளின் குடியிருப்பு இருக்கிறது, 1857இல் தங்கள் சொந்தக் காசில் 80 ஏக்கர் நிலம் வாங்கித் திரும்பி வந்து குடியேறியவர்கள் அவர்கள். இந்தச் சாலையின் கதையை வெறும் கார்க்காரர்கள் கதையாக நினைக்காமல் இருக்க அந்த இடத்தில் கொஞ்சம் வேகம் குறையுங்கள்.

ராத்திரி தங்க மார்ஷல்டவுன் அல்லது ஏம்ஸ். ஏம்ஸ் எனக்குப் பிடிக்கும், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் லிங்கன் வே தெருதான் பழைய சாலை, மாணவர்கள் இருக்கும் ஊர் என்பதால் நம் சாப்பாட்டுக்கும் வழி உண்டு. ஏம்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் கோலோ. ஒரு விவசாயி 1923இல் தன் நிலத்து மூலையில் பெட்ரோல் பங்க் போட்டார், காரணம் அந்த மூலையில்தான் லிங்கன் ஹைவேயும், வினிபெக்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ஜெஃபர்சன் ஹைவேயும் சந்தித்தன. பங்க், கஃபே, தங்கும் அறைகள் எல்லாவற்றையும் ஊர் நிர்வாகம் சீர்படுத்தி வைத்திருக்கிறது. கஃபே திறந்திருக்கிறதா என்று போன் செய்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள் ஸ்க்ரான்டன் பக்கம் மறக்காமல் பார்க்க வேண்டியது, ஜே. ஈ. மோஸ் என்ற விவசாயி 1926இல் தன் நிலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நிறுவிய இரண்டு லிங்கன் சிலைகள். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர் அவர். எந்த விவசாயிகள் இந்த ரோடே வேண்டாம் என்று ஆரம்பித்தார்களோ, அவர்களில் ஒருவரே பதிமூன்று வருடத்தில் தானாகச் சிலை வைக்கும் அளவுக்கு இது அவர்களுடைய ரோடாகிவிட்டது. நான் அயோவாவைச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இனி அயோவாவுக்குள்ளேயே இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். இன்டர்ஸ்டேட் 80 இந்த மாநிலத்தை 306 மைலில் கடக்கிறது, நாலரை மணி நேரம், நினைவில் நிற்க ஒன்றும் இருக்காது. யூ.எஸ். 30 பழைய சாலையின் வாரிசு, ஆனால் பல இடங்களில் நாலு வழிப்பாதையாகி ஊர்களுக்கு வெளியே சுற்றிப் போய்விட்டது. அசல் பாதையோ நில அளவைக் கட்டங்களை ஒட்டிப் போகிறது. 1785 சட்டப்படி நிலத்தை ஒரு மைல் சதுரமாக அளந்தார்கள், ரோடு அந்த வரப்பு மேல் நேராகப் போய், சட்டென்று செங்குத்தாகத் திரும்பி, மறுபடி திரும்பும், படிக்கட்டு போல. வேகமாகப் போக முடியாது, சரளைக்கல் வரும், கூகுள் மேப் உங்களை 30க்கு இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தத்தையும் அசல் பாதையில் ஓட்ட வேண்டாம் என்பேன். பெரியவர்கள் இருந்தால் பொதுவாக 30இல் போய், பெல் பிளெய்ன் முதல் டாமா வரை, பிறகு கிராண்ட் ஜங்ஷன் முதல் ஸ்க்ரான்டன் வரை மட்டும் பழையதில் இறங்குங்கள். மழை பெய்து இரண்டு நாள் ஆகாவிட்டால் தார், கான்கிரீட் தவிர வேறெதிலும் இறங்காதீர்கள்.

எப்போது போவது? ஜூலையில் பச்சை, ஆள் உயரத்துக்குச் சோளம், ஆனால் அதுவே ரோட்டின் இரண்டு பக்கமும் சுவராகி ஒன்றும் தெரியாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை அறுவடை, அப்போது போங்கள். இயந்திரங்கள் ஓடும், ஊருக்கு ஊர் தானியக் கோபுரங்களின் முன்னால் லாரி வரிசை நிற்கும், காற்றில் உமித் தூசி பறக்கும். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் உண்டென்றால் ஜூன் மாதமே நல்லது. நீங்கள் பார்க்கும் சோளம் நாம் அவித்துத் தின்னும் சோளம் இல்லை என்பதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகும் கெட்டிச் சோளம். பறித்துக் கடித்துப் பார்க்கப் போனால் பல்தான் வலிக்கும், அடுத்தவர் வயல் வேறு.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். மார்ஷல்டவுனில் பேர் போன உதிர்த்த மாட்டிறைச்சி சாண்ட்விச் கடை 1928இலிருந்து இருக்கிறது, சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்குச் சின்ன ஊர்களில் கைகொடுப்பது கேசிஸ்தான், பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை, இதே வழியிலுள்ள பூனில் 1968இல் முதல் கடை தொடங்கியது, சீஸ் பீட்சா சூடாகக் கிடைக்கும். முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் வெளிச்சம் போவதற்குள் வுட்பைன் போய்ச் சேரும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1921இல் செங்கல் பாவிய தெரு, பதினொரு பிளாக் நீளம், இன்றும் ஊர்க்காரர்கள் அதில்தான் ஓட்டுகிறார்கள். ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, இருபது மைல் வேகத்தில் போங்கள். டயருக்கு அடியில் செங்கல் கடகடவென்று ஒலிக்கும். நண்பரின் அப்பா போன அக்டோபரில் அங்கே இறங்கி, குனிந்து ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்து, நல்ல சூளை என்றார், பிறகு தெருக்கோடி வரை நடந்தே வந்தார், நாங்கள் காரைப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தோம்.